படம் நல்லா வந்திருக்கு

எக்ஸ்ரே எடுத்து முடித்ததும் நோயாளிகள் கேட்கும் கேள்வி எல்லா மொழியிலும் ஒன்றுதான். மலாய்க்காரர்கள் "ஓகே கா?" என்பார்கள். நம்மவர்கள் "எப்படி தம்பி இருக்கு?" என்பார்கள். சிலர் கேட்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதுவும் அதே கேள்விதான். எங்கள் பதிலும் ஒன்றுதான். "டாக்டர் சொல்வார்."

நான் ஓர் அரசாங்க மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் பதின்மூன்று வருடமாக வேலை செய்கிறேன். மலாயில் எங்களை ஜூரு எக்ஸ்ரே என்பார்கள். தமிழில் கதிர்வீச்சுப் படமெடுப்பாளர் என்று எங்கோ படித்து அம்மாவிடம் சொன்னேன். "என்னடா சினிமாக்காரன் மாதிரி இருக்கு" என்று சிரித்தார். வீட்டில் இன்றுவரைக்கும் அது 'எக்ஸ்ரே எடுக்குற வேல'தான்.

'டாக்டர் சொல்வார்' என்பது நல்ல விதி. படத்தை முதலில் பார்ப்பது நாங்கள்தான். ஆனால் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. ஆயிரக்கணக்கான நெஞ்சுகளைப் பார்த்த கண்ணுக்கு எது சரியில்லை என்று தானாகவே பிடிபடும். அது அனுபவம், தீர்ப்பு அல்ல. நான் வெள்ளையாக ஏதோ பார்க்கிறேன். அது சளியா, நீரா, பழைய தழும்பா, நோயாளி மூச்சைச் சரியாக இழுக்காததால் வந்ததா என்று முடிவு சொல்ல வேறு படிப்பு வேண்டும். அரைகுறையாகத் தெரிந்தவன் வாயைத் திறந்தால் ஒரு குடும்பமே தூக்கமில்லாமல் கிடக்கும். அதனால் அந்த விதியை நான் ஒருநாளும் குறைசொன்னதில்லை. ஒரு தடவை அதை மீறினேன். மீறியது உண்மையைச் சொல்வதற்காக அல்ல என்பதுதான் என் பிரச்சினை.

வார்டுக்கே மெஷினைத் தள்ளிக்கொண்டு போய் கட்டிலோரம் எடுக்கும் எக்ஸ்ரேவை நாங்கள் 'போர்ட்டபிள்' என்போம். கோவிட்டுக்கு முன்னால் அது எங்கள் வேலையில் கொஞ்சம் கீழ்ச்சாதி. எழுந்து நிற்க முடிந்தவரைத்தான் அறைக்குள் ஒழுங்காகப் படம் எடுக்க முடியும். நெஞ்சை பிளேட்டில் ஒட்டி நிற்கவைத்து, முதுகுப் பக்கமிருந்து ஏறக்குறைய ஆறடி தூரத்தில் கதிரை விட்டால் இதயம் அதன் உண்மையான அளவுக்குக் கிட்டத்தில் தெரியும். கட்டிலில் படுத்திருப்பவருக்கு எல்லாம் தலைகீழ். பிளேட் முதுகுக்கடியில் போகும், கதிர் முன்னாலிருந்து வரும். இதயம் பெரிதாகத் தெரியும், நுரையீரலின் அடிப்பகுதி நெருங்கிப்போய்த் தெரியும். கதிரியக்க மருத்துவர்கள் அந்தப் படங்களைப் பார்த்து முனகுவார்கள்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அந்த இரண்டாந்தரப் படம் முதல் படமாகிவிட்டது. தொற்று உள்ள ஒருவரை அறைக்குக் கொண்டுவந்தால் வழியெல்லாம் தடுக்க வேண்டும், பிறகு அறையை மூடித் துடைக்க வேண்டும். மெஷின் போவதுதான் சுலபம். அது நானூறு கிலோவுக்குக் குறையாத வண்டி. மோட்டார் இருப்பதால் ஓடும், ஆனால் லிஃப்ட் வாசலில் ஒரு சின்ன மேடு இருந்தால் போதும், நம் முதுகுதான் மோட்டார்.

இரண்டு பேராகப் போவோம். ஒருவர் 'சுத்தம்', இன்னொருவர் 'அழுக்கு'. இதுதான் நாங்கள் பயன்படுத்திய சொல், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சுத்தமானவர் மெஷினை மட்டும் தொடுவார். அழுக்கானவர் நோயாளியைத் தொடுவார். பிளேட்டை இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டுக் கட்டிக்கொண்டு போவோம். எடுத்து முடித்ததும் அழுக்கானவர் வெளிப் பையின் வாயைப் பிரித்துப் பிடிக்க, சுத்தமானவர் கை படாமல் உள்ளே இருப்பதை உருவ வேண்டும். மேலே பிபிஇ, அதற்குள் ஈயக் கவசம். அது மட்டும் நாலைந்து கிலோ வரும். பத்து நிமிடத்தில் உள்ளே மழை பெய்துவிடும். கண்ணாடியில் ஆவி படிந்து, நோயாளியின் பெயரட்டையைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் தொழிலே விலகி நிற்பதைக் கற்றுத்தரும் தொழில். முதலாண்டுப் பாடம் மூன்று சொல்தான்: நேரம், தூரம், தடுப்பு. தூரத்தை இரண்டு மடங்காக்கினால் கதிர் கால்வாசியாகக் குறையும். இந்தப் பாடத்தைப் பலர் உயிரைக் கொடுத்து எழுதினார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு மருத்துவமனை வளாகத்தில் 1936இல் ஒரு நினைவுக்கல் நாட்டினார்கள். கதிரோடு வேலை செய்து கதிராலேயே செத்த 169 பேரின் பெயர் அதில் முதலில் பொறிக்கப்பட்டது, பிறகு பெயர்கள் கூடிக்கொண்டே போயின. கையால் கதிரைச் சோதித்துப் பார்த்து விரல் விரலாக இழந்தவர்கள் அந்தத் தலைமுறையில் இருந்தார்கள். முதல் உலகப்போரில் மேரி கியூரி எக்ஸ்ரே கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு காயம்பட்ட சிப்பாய்கள் கிடந்த இடத்துக்கே போனார். கூடப் போன மகள் ஐரினுக்குப் பதினேழு வயது. எங்கள் போர்ட்டபிளுக்கு அந்தக் கார்தான் பாட்டி. மேரி 1934இல் இரத்தம் ஊறாத நோயிலும், ஐரின் 1956இல் இரத்தப் புற்றுநோயிலும் போனார்கள்.

அதனால் நாங்கள் விலகுவோம். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் "எக்ஸ்ரே!" என்று சத்தம் போடுவோம். தாதிகள், டாக்டர்கள் எல்லாரும் நாலு எட்டு நகர்வார்கள். கட்டிலில் இருப்பவர் ஒருவர் மட்டும் இருந்த இடத்தில் இருப்பார். இதைப் பல்லாயிரம் தடவை செய்திருக்கிறேன். கோவிட்டுக்கு முன்னால் ஒரு தடவைகூட அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை.

கோவிட்டில் அது படத் தொடங்கியது. காரணம், அந்த நாலு எட்டுக்கு முன்னால் இருக்கும் அரை நிமிடம். உட்காரத் தெம்பில்லாதவரை முன்னால் சாய்த்து, ஒரு கையை அவர் தோளைச் சுற்றிப்போட்டு, மறு கையால் பிளேட்டை முதுகுக்குள் சொருக வேண்டும். அவர் தலை என் நெஞ்சில் கிடக்கும். இருமினால் என் முகத்தடுப்பில்தான் தெறிக்கும். ஊரே மூன்றடி தள்ளி நின்றபோது நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தோம். கட்டிப்பிடித்த கையோடு ஓடி விலகினோம். ஒரு வயதான சீன ஆன்ட்டி, பிளேட்டை எடுத்த பிறகும் என் கையை விடவில்லை. அவருக்குக் குளிர் என்று நினைத்தேன். அதுவாகவும் இருக்கலாம்.

வீரர்கள், முன்களப் பணியாளர்கள் என்றெல்லாம் பாடிய பாட்டில் எங்களுக்கு ஒரு வரிகூட இல்லை என்று எங்கள் பிரிவில் பலருக்கு வருத்தம். எனக்கு அவ்வளவாக இல்லை. கை தட்டினால் பதிலுக்கு வீரனாக நடந்துகொள்ள வேண்டிவரும். அந்த வருடம் என் இலக்கிய நண்பர்கள் எல்லாரும் காம்யுவின் 'கொள்ளைநோய்' படித்து ஃபேஸ்புக்கில் எழுதினார்கள். எனக்கும் ஒருவர் அனுப்பினார். இன்னும் பிரிக்கவில்லை.

எனக்கு உறுத்தியது வேறொன்று. யார் 'அழுக்கு' என்று முடிவுசெய்யும் விதம். பட்டியல் போடும்போது பிள்ளைகள் உள்ளவர்களைச் 'சுத்தம்' பக்கம் போட்டார்கள். கல்யாணம் ஆகாத நானும் இன்னும் இரண்டு பேரும் பெரும்பாலும் அழுக்கு. நியாயமாகத்தான் இருந்தது, நானும் சரி என்றேன். ஆனால் என் வீட்டில் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உள்ள ஒரு அம்மா இருக்கிறார். பிள்ளைகளை எண்ணிய பட்டியல் தாய்களை எண்ணவில்லை. ஒருவனுக்குப் பின்னால் எத்தனை பேர் அழுவார்கள் என்று கணக்கெடுத்து உயிருக்கு விலை வைக்கலாமா என்று அப்போது யோசித்திருக்கிறேன். எட்டு மாதம் ஹாலில் பாய் விரித்துப் படுத்தேன், எனக்கென்று தனித் தட்டு, தனிக் குவளை. அந்தக் கேள்வியைத் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே விடுகிறேன்.

2021 ஆகஸ்டு. ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் தொற்று. ஒப்பந்த டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்து இரண்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எங்கள் மருத்துவமனையில் பிரசவ வார்டின் ஒரு பகுதியைக்கூட கோவிட் வார்டாக மாற்றியிருந்தார்கள். நம் நாட்டில் நோயாளிகளை ஐந்து கட்டமாகப் பிரித்தது ஞாபகம் இருக்கும். ஒன்று, அறிகுறியே இல்லை. இரண்டு, அறிகுறி உண்டு, நுரையீரலில் ஒன்றுமில்லை. மூன்று, நுரையீரலில் பிடித்துவிட்டது. நான்கு, ஆக்சிஜன் வேண்டும். ஐந்து, மூச்சு இயந்திரம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருந்த கோடு பல நேரம் எங்கள் படம்தான். நோயாளிகள் வீட்டுக்குப் போன் செய்து "எனக்கு மூனும்மா, மாமாவுக்கு நாலு" என்று சோதனை முடிவு மாதிரி சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

அவர் நாலு. அறுபத்தெட்டு வயது. சின்ன வயதில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், பிறகு தாமானுக்கு வந்து ஜாகா வேலை பார்த்தவர். முதல் ஊசி போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. பை தொங்கும் ஆக்சிஜன் முகமூடி போட்டிருந்தார், ஆனால் அசதியாகத் தெரியவில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியிருந்தும் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பது இந்த நோயின் வஞ்சகம். இரவு மணி பதினொன்றே கால் இருக்கும். பழக்க தோஷத்தில் "தாரிக் நாஃபாஸ், பாச்சே" என்று ஆரம்பித்துவிட்டு, பெயரட்டையைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினேன்.

"தமிழா தம்பி நீ? இந்த மூடாக்குல ஒன்னும் தெரியல" என்றார். சட்டையை விலக்கியதும், "சட்ட இல்லாம போட்டோவா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க ஒரு நிமிடம் ஆனது.

மெஷின் பக்கம் காக் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நாலு பிள்ளைகள், எப்போதும் சுத்தம். நான் அவரைச் சாய்த்து பிளேட் வைத்தேன். "மூச்ச நல்லா இழுங்க அங்கிள், பிடிச்சுக்குங்க." காக் "எக்ஸ்ரே!" என்றார். விலகினேன். சில விநாடியில் படம் திரையில் வந்தது. முந்தாநாள் படமும் நான் எடுத்ததுதான். அதில் இரண்டு நுரையீரலின் ஓரங்களில் பஞ்சு ஒட்டினது மாதிரி இருந்தது. இப்போது வலது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளை. இடது பக்கமும் கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தது. காக் என்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி பிளேட்டை எடுக்கப் போனேன்.

"எப்படி தம்பி இருக்கு?"

"படம் நல்லா வந்திருக்கு, அங்கிள்."

அவர் முகம் தளர்ந்ததைப் பார்த்தேன். தலையணைக்குப் பக்கத்தில் இருந்த கைத்தொலைபேசியைத் தொட்டார். "மகளுக்குப் பேசலாம்னு நெனச்சேன். மனசு ஒரு மாதிரியா இருந்துச்சு. அது காலையில வேலைக்குப் போவணும், இந்நேரம் தூங்கியிருக்கும். நல்லா இருக்குன்னா நாளைக்கே பேசிக்கிறேன்" என்றார்.

நான் "சரி அங்கிள், ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அன்றிரவு இன்னும் ஏழு பேர் பாக்கி.

விடியற்காலை நாலரைக்கு அவசரம் என்று ஐசியுவிலிருந்து அழைப்பு. தொண்டையில் குழாய் போட்டிருக்கிறார்கள், குழாயின் நுனி சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கப் படம் வேண்டும். போனால் அவர். திடீரென்று மோசமாகியிருக்கிறது. போன் பேச வைக்க யாருக்கும் நேரமில்லை. மயக்க மருந்தில் கிடந்தார். மூச்சு இயந்திரம் காற்றைத் தள்ளும் நொடியைப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்த வேண்டும், நோயாளியிடம் சொல்ல ஒன்றுமில்லை. இருந்தும் என் வாய், "மூச்ச இழுங்க அங்கிள், பிடிச்சுக்குங்க" என்றது. ஒன்பதாம் நாள் போய்விட்டார். மகளை நான் பார்க்கவில்லை. போனையும் சார்ஜரையும் ஒரு பையில் போட்டு வாங்கிப் போனார் என்று தாதி சொன்னார்.

இதைக் கேட்ட நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். "நீ சொன்னதாலயா அவர் செத்தார்?" இல்லை. அதை நான் ஒருநாளும் நினைத்ததில்லை. என் வார்த்தை அவர் உயிரை எடுக்கவில்லை. ஐந்து மணி நேரத்தை எடுத்தது. அந்த ஐந்து மணி நேரத்தில் பத்து நிமிடம் ஒரு மகளுக்குச் சொந்தமானது.

"நீ பொய்யே சொல்லலையே" என்றும் ஒருவர் சொன்னார். அந்த வாதம் எனக்கு முதலிலேயே தோன்றியதுதான், சொல்லப்போனால் வாயைத் திறக்கும்போதே தோன்றியது. படம் நல்லாத்தான் வந்திருந்தது. நெஞ்சு நேராக இருந்தது, தோள்பட்டை மறைக்கவில்லை, மூச்சும் போதுமான அளவு இழுத்திருந்தார். எங்கள் தேர்வில் அந்தப் படத்துக்கு முழு மதிப்பெண். தமிழில் அந்த வாக்கியம் இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ளது. நான் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் மறு பக்கத்தைப் பிடிப்பார் என்று தெரிந்தே நீட்டினேன். தருமர் செய்ததும் இதுதான். அசுவத்தாமன் இறந்தான் என்று உரக்கச் சொல்லி, யானை என்பதை முணுமுணுத்தார். அதுவரை தரையில் படாமல் நாலு விரல் உயரத்தில் ஓடிய அவர் தேர் அன்றைக்குக் கீழே இறங்கியது என்கிறது கதை. வார்த்தையில் பொய் இல்லை என்ற வாதத்தை அந்தத் தேர் ஏற்றுக்கொள்ளவில்லை.

கான்ட் 1797இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். கொலைகாரன் ஒருவன் கதவைத் தட்டி, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று வாதிடுவார். கல்லூரிக் காலத்தில் படித்தபோது கிறுக்குத்தனம் என்று தோன்றியது. இப்போது அதில் ஓர் இடம் என்னை விடவில்லை. நண்பன் உள்ளே இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே 'இல்லை, வெளியே போய்விட்டான்' என்று நீ பொய் சொல்கிறாய், உனக்குத் தெரியாமல் நண்பன் நிஜமாகவே நழுவி வெளியே போயிருக்கிறான், திரும்பிப் போகிற கொலைகாரன் அவனைத் தெருவில் பிடித்துவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாவுக்கு நீயும் பொறுப்பு என்கிறார். உண்மை சொன்னவனுக்கு அந்தப் பொறுப்பு இல்லை, பொய் சொன்னவன் எதிர்பாராத விளைவுகளையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். போன் விஷயம் நான் எதிர்பார்க்காதது. கான்ட்டின் கணக்கில் அது என் கணக்கு.

ஆனால் அதே கான்ட்டுக்கு ஒரு கதை உண்டு. சமயத்தைப் பற்றி எழுதியதற்காகப் பிரஷ்ய மன்னர் கண்டித்தபோது, 'மேன்மைதாங்கிய தங்களின் விசுவாசமுள்ள குடிமகனாக' இனி அந்த விஷயத்தில் எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். மன்னர் செத்ததும் எழுதினார். அந்தச் சொற்றொடரை வேண்டுமென்றே போட்டதாகவும், அந்த மன்னர் உயிரோடு இருக்கும்வரைதான் அது தன்னைக் கட்டுப்படுத்தும் என்று நினைத்ததாகவும் பிறகு அவரே விளக்கினார். ஆக, இரண்டு பக்கக் கைப்பிடி அவருக்கும் தேவைப்பட்டிருக்கிறது. ஒரு வித்தியாசம், அவர் முன்னால் நின்றது அதிகாரம். என் முன்னால் இருந்தது முகமூடி போட்ட ஒரு பெரியவர்.

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் உடனே வள்ளுவரைக் கூப்பிடுவார்கள். நன்மை தரும் பொய் உண்மைக்குச் சமம் என்று அவரே சொல்லிவிட்டாரே என்று. அந்தக் குறளை அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ள முடியாது. அவர் கேட்பது குற்றமே இல்லாத நன்மை. அப்படிப்பட்ட நன்மை வரும் என்று கட்டிலோரம் நிற்பவனுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்? அதற்கு முந்தின குறள் இன்னும் கடினம். வாய்மை என்றால் என்ன என்று கேட்டு, பிறருக்குத் தீங்கு தராத சொல் என்று பதில் சொல்கிறார். நடந்ததை நடந்தபடி சொல்வது என்று அவர் சொல்லவில்லை. அப்படியானால் 'படம் நல்லா வந்திருக்கு' என்பது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் வாய்மை இல்லை. கான்ட்டிடம் தப்பிக்க ஒரு சந்தாவது இருந்தது. இங்கே அதுவும் இல்லை.

அவருடைய நன்மைக்காகச் சொன்னேனா என்றும் கேட்டுப் பார்த்தேன். இல்லை. பரிவு என்பது பிறகு நான் ஒட்டிய பெயர்ப்பலகை. அந்த நிமிடத்தில் என் கண்ணாடி முழுக்க ஆவி, முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது, ஏழு பேர் பாக்கி. அவர் அடுத்த கேள்வி கேட்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பொத்தானை அழுத்தும்போது நாலு எட்டு விலகுவேன் என்றேனே, அந்த வாக்கியமும் அதுதான். கதிருக்கு விலகுவதை எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஒரு மனிதரின் பயத்திலிருந்து விலகுவதை நானே கற்றுக்கொண்டேன்.

சரி, உண்மையைச் சொல்லியிருக்கலாமா? எது உண்மை? 'நீங்கள் சாகப்போகிறீர்கள்' என்பது என்னிடம் இருந்த உண்மை இல்லை. அதைவிட மோசமான படங்கள் கொடுத்தவர்கள் நடந்து வீட்டுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். முந்தாநாளைவிட இன்றைக்கு வெள்ளை கூடியிருக்கிறது, இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று விதி சொல்கிறது. அந்த விதி நல்லது என்று மேலே நானே எழுதினேன். ஆனால் விதியில் ஒரு பாதிதான் வாக்கியமாக இருக்கிறது. 'டாக்டர் சொல்வார்' என்பது உண்மையாக இருக்கும்வரைதான், நான் சும்மா இருப்பது மரியாதை. அந்த ஆகஸ்டில் இரவு வேலைக்கு நின்ற இளம் டாக்டருக்கு எத்தனை கட்டில் என்று நான் எண்ணவில்லை, அவரும் எண்ணியிருக்க மாட்டார். படத்தை வேறோர் அறையில் திரையில் பார்ப்பார், ஆக்சிஜனைக் கூட்டச் சொல்வார், அடுத்ததற்கு ஓடுவார். சொல்ல வேண்டியவர் வரமாட்டார் என்று தெரிந்த பிறகும் 'அவர் சொல்வார்' என்று நிற்பது, கடைசி பஸ் போய்விட்டது தெரிந்தும் பஸ் வரும் என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரி. அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அன்றிரவு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் தமிழ் தெரிந்த, படத்தைப் பார்த்திருந்த ஒரே ஆள் நான்.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். படம் எடுப்பதற்கு முன்னாலேயே, எல்லாரிடமும், "வீட்டுல பேசிட்டீங்களா?" என்று கேட்பது. முன்னால் கேட்பதால் படத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. எல்லாரிடமும் கேட்பதால் யாருக்கும் அது கெட்ட சகுனம் இல்லை. இல்லை என்றால், "இப்பவே பேசுங்க, நாங்க அடுத்த கட்டில முடிச்சிட்டு வர்றோம்" என்போம். சிலருக்கு நான்தான் நம்பரைத் தேடி அழுத்திக் கொடுத்தேன். பிளாஸ்டிக் கையுறையில் தொடுதிரை வேலை செய்யாது, மூக்கு நுனியால் அழுத்தலாமா என்றுகூட யோசித்தேன், முகத்தடுப்பு இருந்ததே.

நல்ல வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு பெண், நாற்பது வயதுகூட இருக்காது, கேள்வியைக் கேட்டதும் என்னையே பார்த்தார். "ஏன் கேக்குறீங்க? எனக்கு என்ன?" என்று அழத் தொடங்கிவிட்டார். விரலில் மாட்டியிருந்த கருவியில் எண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கி அலாரம் அடித்தது. தாதி ஓடிவந்தார். படம் எடுக்காமலே வெளியே வந்தோம். கழற்றும் அறையில் காக் என்னைத் திட்டினார். "நீ கேட்பது அவர்களுக்காகவா, உனக்காகவா?" என்று மலாயில் கேட்டார். காக் அப்படிக் கேட்பவர் இல்லை. அந்தப் பெண் பிழைத்து வீட்டுக்குப் போனார். அதனால் நான் கேட்டது சரி என்றோ தவறு என்றோ ஆகிவிடாது.

கேட்பதை நான் நிறுத்தவில்லை. ஆளைப் பார்த்து, குரலை மாற்றி, சில நேரம் பேத்தி பெயர் என்ன என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். ஆளைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்ததும், எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்பதால் யாருக்கும் சகுனமில்லை என்ற என் பெரிய நியாயம் ஓட்டையாகிவிட்டது. காக்கிடம் அதைச் சொன்னேன். "தெரியும்" என்றார்.

இப்போது கோவிட் வார்டுகள் மறுபடி பிரசவ வார்டாகிவிட்டன. போர்ட்டபிள் பழையபடி கீழ்ச்சாதி. படங்கள் எல்லாம் மருத்துவமனை சர்வரில் இருக்கின்றன. அவருடையதும் தேதி வாரியாக இருக்கும், முந்தாநாள் எடுத்தது, அன்றிரவு எடுத்தது, விடியற்காலை எடுத்தது, பிறகு ஐசியுவில் மற்றவர்கள் எடுத்தவை. பெயரும் எண்ணும் எனக்கு மனப்பாடம். ஆனால் யார் எந்தப் படத்தை எப்போது திறந்தார்கள் என்று அதில் பதிவாகும். யாராவது கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். போன வாரம் இரவு வேலையில், கூட்டமில்லாத நேரத்தில், எண்ணை அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். காக் தேநீரோடு வரும் சத்தம் கேட்டது. அழித்துவிட்டேன்.